ஆக்ஸிலரேட்டர், பிரேக், கிளட்ச், ஹாரன், மாமா

மனித மனத்தை அடி முதல் நுனி வரை அளந்து முடித்தவர்கள் இந்த உலகத்தில் இதுவரை இரண்டே பேர். ஒருவர் கடவுள். தான் படைத்ததில் அவருக்கே சில சந்தேகங்கள் உண்டு என்று கேள்வி. இன்னொருவர் என் தாய்மாமா. அவருக்குச் சந்தேகம் என்ற வியாதியே கிடையாது. நூறு வருஷமாகத் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருக்கும் மனோதத்துவ அறிஞர்கள் எல்லாரும் ஒரு வேன் பிடித்து எங்கள் தெருவுக்கு வந்தால் போதும். பத்தே நிமிஷத்தில் மாமா அவர்களுக்கு மனித சுபாவத்தை விளக்கி, அப்படியே ரிவர்ஸ் எடுக்கவும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஏனென்றால் மாமா நடத்துவது டிரைவிங் ஸ்கூல்.

ஸ்கூல் என்றதும் மணி, மைதானம் என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். எங்கள் வீட்டின் முன்னறைதான் ஸ்கூல். ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டுக்கும் சேர்த்து ஏழு கால்கள். சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட பெரிய படம் ஒன்று. ஒரு தடவை அதை நான் தலைகீழாக மாட்டிவைத்தேன். நான்கு நாள் யாருமே கவனிக்கவில்லை. அந்த வாரம் சேர்ந்து படித்தவர்கள் இப்போது எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது.

அப்புறம் கார். அது வெள்ளை நிறம் என்று பதிவுச் சான்றில் எழுதியிருக்கிறது. முன்கதவைக் கொஞ்சம் தூக்கி, கெஞ்சி, பிறகு அறைந்து சாத்த வேண்டும். பயிற்சி வண்டி என்பதால் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். கற்றுக்கொள்பவர் தப்பு செய்தால் மாமா தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பார். உடனே ஓட்டுபவர் பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும், வண்டி நிற்கும். இந்த இரட்டைப் பிரேக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவின் மொத்த தத்துவமும் கடைசியில் அதில்தான் போய் முட்டியது.

தத்துவம் பிறந்த கதை இது. மூன்று வருஷத்துக்கு முன் மாமா பழைய பேப்பர் கடையிலிருந்து தடியான ஒரு மனோதத்துவப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு அட்டையும் கிடையாது, கடைசி நாற்பது ஐம்பது பக்கங்களும் கிடையாது. இருக்கிற பக்கங்களை மாமா பரீட்சைக்குப் படிப்பதுபோல அடிக்கோடு போட்டுப் படித்தார். பரீட்சைக்குப் படிப்பது எப்படி இருக்கும் என்று நானும் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். (ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று நானும் பள்ளிக்கூடமும் ஒருமனதாக முடிவெடுத்தோம். அம்மாவுக்கு வெளியூரில் வேலை, அதனால் என் குறும்புகளுக்கு மாமா வீடுதான் தலைமை அலுவலகம்.)

அந்தக் காலத்து வைத்தியர்கள் உடம்புக்குள் நாலு வகை நீர் ஓடுகிறது, எது தூக்கலோ அதுதான் ஒருவரின் குணம் என்று நம்பினார்களாம். பிறகு வந்தவர்கள் உள்ளே பார்க்கிறவர், வெளியே பார்க்கிறவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்தார்களாம். அதற்கும் பிறகு வந்தவர்கள் ஐந்து அளவுகோல் வைத்து அளந்தார்களாம். மாமா எல்லாவற்றையும் படித்தார், "பாவம், யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது போல" என்று வருத்தப்பட்டார், தானே ஒரு கொள்கையை வெளியிட்டார்.

கொள்கை சுருக்கமானது. மனிதர்கள் நாலே வகை. யோசிக்காமல் பாய்கிறவர் ஆக்ஸிலரேட்டர். எதைக் கண்டாலும் தயங்கி நிற்பவர் பிரேக். இதா அதா என்று நடுவில் தொங்குகிறவர் கிளட்ச். ஒன்றும் செய்யாமல் சத்தம் மட்டும் போடுகிறவர் ஹாரன். புதிதாகச் சேர்ந்தவர் வண்டியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆவதற்குள் மாமா தன் நீல அட்டை நோட்டில் அவருடைய வகையைக் குறித்துவிடுவார். கசாப்புக் கடைக்காரர் பிரேக். நாள் முழுக்க வெட்டுக்கத்தி பிடிக்கிற மனிதர் சைக்கிளைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார். பல் டாக்டர் கிளட்ச். நர்ஸ் ஆக்ஸிலரேட்டர். நான் ஹாரன்.

"நீங்க எந்த வகை மாமா?" என்று கேட்டேன்.

"நானா? நான் ஸ்டீயரிங்."

"அது லிஸ்ட்டுலயே இல்லையே?"

"லிஸ்ட்டைப் போட்டவன் லிஸ்ட்டுல இருப்பானா, வாலு?"

வாலு என்பது நான்.

ஸ்டீயரிங் வகையில் உலகம் முழுவதிலும் ஒரே ஓர் உறுப்பினர்தான்.

கொள்கை எவ்வளவு உறுதியானது என்று சோதிக்க, ஒருநாள் அந்த நோட்டில் பல் டாக்டர் பெயருக்கு நேராகக் 'கிளட்ச்' என்பதை அடித்துவிட்டு, மாமாவின் கோழிக்கிறுக்கல் எழுத்திலேயே 'ரேடியேட்டர்' என்று எழுதிவைத்தேன். மறுநாள் காலையில் மாமா நோட்டைத் திறந்தார். அரை நிமிஷம் புருவத்தைச் சுருக்கினார். பிறகு என்னையும் அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ரேடியேட்டர் மனிதர்கள் வெளியே அமைதியாகவும் உள்ளே கொதிநிலையிலும் இருப்பார்கள், அவர்களுக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அன்று முதல் பல் டாக்டர் வந்தால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர். அவரும் ஏதோ மரியாதை போல என்று வாங்கிக் குடிக்கிறார்.

உணர்ச்சி பற்றியும் மாமாவிடம் ஒரு முடிவு இருந்தது. இது புத்தகத்திலேயே உள்ளது, நூறு வருஷத்துக்கும் மேலான விவாதமாம்.

"தெருநாய் துரத்துது. நாம பயந்து ஓடறோமா, இல்ல ஓடறதாலதான் பயப்படறோமா?" என்று சாப்பிடும்போது ஒருநாள் ஆரம்பித்தார்.

"நாயைக் கேளுங்க," என்றாள் அத்தை.

"கிண்டல் பண்ணாத. மொதல்ல உடம்பு. கால் ஓடுது, நெஞ்சு அடிக்குது. அதைப் பாத்துட்டு மனசு சொல்லுது, ஓஹோ, நமக்கு பயம்னு. மனசுங்கறது கடைசியா வந்து கையெழுத்து போடற ஆபீசர். அவ்வளவுதான்."

"அப்ப உடம்பை ஏமாத்திட்டா?"

"கரெக்ட்! ஆபீசரும் ஏமாந்துருவாரு!"

அதனால் எங்கள் ஸ்கூலில் ஒரு விதி வந்தது. பயம் வந்தால் சிரித்த முகமாக வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுக்க வேண்டும். எங்கள் கார் கடைத்தெருவில் போனால் தேன்கூடு போவதுபோல ஒரு சத்தம் வரும். கசாப்புக் கடைக்காரர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, முனகிக்கொண்டே நாற்சந்தியைக் கடந்ததைப் பார்த்த ஒரு பெண்மணி குழந்தையை இழுத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். நடுவில் அத்தை லைசென்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று.

அத்தை பேக்கரியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். பதினோரு வருஷமாக ஒரே மேஜை, ஒரே ஸ்டூல், எதிரே ஒரே சுவர். ரொட்டியைக் கவரில் போட்டு ஒட்ட வேண்டும், அடுத்த ரொட்டி. கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற வேனின் டிரைவர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்ததும், பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அத்தை ஸ்டூலிலிருந்து எழுந்து போய் முதலாளியம்மாவிடம், "அந்த வண்டியை நான் ஓட்டறேன்" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் தனக்கு ஓட்டத் தெரியாது என்பது ஞாபகம் வந்ததாம். முதலாளியம்மா சிரித்துவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் உனக்காகப் பாக்கறேன். லைசென்ஸோட வா. இல்லன்னா வெளியாள் போட்டுருவேன்," என்றிருக்கிறார்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும்போது இதெல்லாம் ஒரு பிரச்சினையா? அப்படித்தான் நாங்களும் நினைத்தோம்.

மூன்று தடவை பெயில்.

மூன்று தடவையும் ஒரே தப்பு. டெஸ்ட் மைதானத்தின் கோடியில் தரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும், அதைத் தொடாமல் வண்டி நிற்க வேண்டும். முதல் தடவை அத்தை ஓரடி தாண்டினாள். இரண்டாவது தடவை மூன்றடி. மூன்றாவது தடவை இன்ஸ்பெக்டரின் டீ கிளாஸ் வைத்திருந்த ஸ்டூலைத் தொட்டு நின்றாள். இன்னொரு தடவை தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்தில் அந்த வேன் வேறு யாரோ ஒருவரின் வேனாக இருக்கும், அத்தைக்கு எதிரே அதே சுவர்தான் இருக்கும்.

மாமா நோட்டில் அத்தையை முதல் நாளே பிரேக் என்று எழுதியிருந்தார். பயிற்சியின்போது வண்டி எப்போதும் சீக்கிரமே நின்றுவிடுமாம், தேவையில்லாத இடத்திலெல்லாம் நிற்குமாம். அதாவது பயந்த சுபாவம். அப்படியானால் டெஸ்டில் நிற்காமல் போனது எப்படி?

"பயம் மிஞ்சிப்போனா பிரேக் ஆளுக்கு பிரேக் காலே மரத்துப்போகும். இதுக்குத் தலைகீழ் பிரேக்னு பேரு," என்றார் மாமா. பேரை யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, மை இன்னும் காயவில்லை.

அத்தை நின்றாலும் பிரேக், நிற்காவிட்டாலும் பிரேக். இப்படிப்பட்ட கொள்கையைத் தோற்கடிக்க வழியே கிடையாது. எனக்கு மட்டும் இது முன்பே தெரிந்திருந்தால் கணக்குப் பரீட்சைக்கு இதைத்தான் எழுதிவைத்திருப்பேன்.

"என் புத்தியில ஏதோ கோளாறு," என்று அத்தை அதைப் பாதி நம்பியும் விட்டாள். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குழம்புப் பாத்திரத்தின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டு, தரையில் கிடந்த என் செருப்பைப் பிரேக்காக மிதித்துப் பழகுவதைக் கதவிடுக்கு வழியாக ஒருநாள் பார்த்தேன். அதுவும் சிரித்த முகமாக, முணுமுணுத்துக்கொண்டே. அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஏதோ தூசி விழுந்துவிட்டது, இருமிவிட்டுப் போய்விட்டேன். செருப்பையும் நான் திருப்பிக் கேட்கவில்லை.

நாலாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில்தான் நான் வாத்து வைத்தேன்.

தயவுசெய்து இதற்கு உயர்ந்த நோக்கம் எதுவும் கற்பிக்க வேண்டாம். குளியலறை அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய ரப்பர் வாத்து கிடைத்தது. மஞ்சள் நிறம், அமுக்கினால் 'க்வாக்' என்று கத்தும், மெத்தென்று தட்டையாகிப்போகும். கையில் கத்துகிற வாத்து இருக்கும்போது அதை யாருடைய காலடியிலாவது வைக்காமல் இருப்பது என் வகை மனிதர்களுக்கு உடம்புக்கு ஆகாது. மாமா பக்கத்துப் பிரேக் பெடலுக்கு அடியில் செருகிவைத்தேன். என் கணக்குப்படி மாமா அந்தப் பிரேக்கை ஏதாவது ஆபத்து வந்தால்தான் மிதிப்பார், ஒரு தடவை 'க்வாக்', எல்லாரும் சிரிப்போம், அத்தையின் தொங்கிப்போன முகமும் கொஞ்சம் நிமிரும். அவ்வளவுதான் திட்டம்.

நான் பின் சீட்டில் இருந்தேன். இரண்டாவது பெயிலுக்குப் பிறகு அத்தை போட்ட நிபந்தனை அது. "சாட்சிக்கு ஒரு ஆளு இல்லாம நான் இவரோட வண்டியில ஏறமாட்டேன்."

கேட்டைத் தாண்டியதும் முதல் க்வாக்.

"என்ன சத்தம்?" என்றார் மாமா.

"நான் ஒண்ணும் பண்ணலையே," என்றாள் அத்தை.

"சீட் ஸ்பிரிங்கா இருக்கும். நீ நேரா பாரு. முகத்தைச் சிரிச்ச மாதிரி வை."

சலவைக் கடை அருகே ஒரு க்வாக். தெருக் கோடியில் ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டுவது ஆணா பெண்ணா என்றே தெரியாத தூரம். க்வாக். ஒரு பூனை சுவரின் மேல், சுவரின் மேல்தான், உட்கார்ந்திருந்தது. க்வாக். திருப்பத்தில் க்வாக், க்வாக். நிழல் விழுந்த இடத்தில் க்வாக். நான் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது தெருவுக்கு வந்தபோது கைக்குட்டையை எடுத்துவிட்டேன். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

அத்தையும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அது பாட்டு இல்லை. உன்னிப்பாகக் கேட்டேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டி அருகே வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தினாள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள்.

"என்ன நாப்பத்தொண்ணு?"

"குனிஞ்சு உங்க காலைப் பாருங்க."

மாமா பார்த்தார். அவர் செருப்புக்கடியிலிருந்து ஒரு மஞ்சள் மூக்கு எட்டிப்பார்த்தது. மனித மனத்தை அளந்து முடித்த மனிதர் தன் காலை வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

"எறும்பு கடிச்சுது," என்றார் கடைசியில். "காலை உதறினேன்."

"நாப்பத்தொரு எறும்பா?"

"ஒரே எறும்புதான். திரும்பத் திரும்பக் கடிச்சுது."

அத்தை சிரிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் மாமா அதற்கு ஏதாவது ஒரு பேர் வைத்து ஒப்பேற்றியிருப்பார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"பெடல் பாதி தூரம் தானா எறங்கும்னு நெனச்சிட்டிருந்தேங்க. எல்லாக் காரும் அப்படித்தான் போலன்னு. டெஸ்ட் அன்னிக்கு அந்த இன்ஸ்பெக்டர் பக்கத்துல ஒக்காந்தா, பெடல் எறங்காது. நானும் எப்பவும் மிதிக்கற மாதிரிதான் மிதிப்பேன். வண்டி நிக்காது. மூணு தடவையும், வண்டிக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

மாமா குனிந்து வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தும் அவரையே பார்த்தது.

மாமாவின் கொள்கை மொத்தமும் அந்த இடத்தில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், கழன்று விழுந்தது. பிரேக் போட்டது அத்தை இல்லை. பயந்தது அத்தை இல்லை. இவர் மிதித்ததைப் பார்த்து அவளைப் பிரேக் என்று எழுதி, இவர் மிதிக்காதபோது நிற்காததைப் பார்த்துத் தலைகீழ் பிரேக் என்றும் எழுதியிருக்கிறார். இதில் அவர் பொய் சொல்லவும் இல்லை. தான் மிதிப்பதே அவருக்குத் தெரியவில்லை. முதலில் உடம்பு, பிறகுதான் மனசு என்று எங்களுக்கு மூன்று வருஷமாகப் பாடம் நடத்தினாரே, அது முழுக்க நிஜம். அவர் விஷயத்தில் ஆபீசர் மட்டும் கையெழுத்துப் போட ஆபீசுக்கே வரவில்லை.

"காலைத் தூக்கி மேல வைங்க," என்றாள் அத்தை.

"என்னது?"

"சீட்டு மேல. ரெண்டு காலையும்."

மாமா செருப்பைக் கழற்றி, சீட்டின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அத்தை வண்டியை எடுத்தாள். சலவைக் கடையருகே நிறுத்தப் பார்த்தாள், ஒரு வண்டி நீளம் தாண்டிப் போய் நின்றது. மாமாவின் காது மடல் சிவந்துவிட்டது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு முன் சீட்டிலிருந்து ஒரு தேன்கூட்டுச் சத்தம் கிளம்பியது. முணுமுணுத்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தபோது முகம் சிரித்த மாதிரி இருந்தது. கசாப்புக் கடைக்காரரே பரவாயில்லை.

வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வண்டி ஒரு சாண் இடைவெளியில் நின்றது. நிறுத்தியது ஒரே கால்தான்.

"கண்ணைத் தொறக்கலாம்," என்றாள் அத்தை.

வாத்துக்காக எனக்கு நிச்சயம் பூசை உண்டு என்று தயாராக இருந்தேன். மாமா கையை ஓங்கவில்லை. வாத்தை எடுக்கவும் இல்லை. புதன்கிழமை காலை முழுக்க எங்கள் ஸ்கூல் கார் வாத்தோடுதான் ஊர் சுற்றியது. பல் டாக்டர் இறங்கும்போது, "வண்டியில ஏதோ பறவை இருக்கு," என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

அன்று மத்தியானம் மாமா தூங்கும்போது நீல நோட்டை எடுத்தேன். 'சைலன்சர்' என்று ஒரு புதிய வகையைச் சேர்த்துவிட்டு, அவர் அதற்கு என்ன விளக்கம் கொடுக்கிறார் என்று பார்க்கலாம் என்றுதான். கடைசியாக எழுதிய பக்கத்தில் கட்டம் போட்டு இப்படி இருந்தது:

கசாப்புக் கடை: 6 வாத்து.
பல் டாக்டர்: 4 வாத்து.
நர்ஸ்: 2 வாத்து.
வீட்டில்: 41.

ஐந்து பரீட்சைகளில் தேறாத எனக்கே அந்தக் கணக்குக்கு விடை தெரிந்தது. சைக்கிளைப் பார்த்தே கசாப்புக் கடைக்காரர் கதிகலங்குகிற வண்டியில் மாமாவுக்குப் பயம் ஆறே ஆறு. ஓட்டுவது அத்தை என்றால் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றுக்கு அந்தப் புத்தகத்தில் என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமாவும் பேர் எதுவும் வைக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். சில பக்கங்களுக்கு முன்னால் அத்தைக்கு நேராக இருந்த 'பிரேக்' அடிக்கப்பட்டிருந்தது. முதல் பக்கத்துக்குப் புரட்டினேன். தனக்கு நேராகக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்த 'ஸ்டீயரிங்' என்பதும் அடிக்கப்பட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'பிரேக்' என்று இருந்தது.

அந்தத் தடிப் புத்தகமும் மேஜைமேல் திறந்து கிடந்தது, மிச்சமிருக்கும் கடைசிப் பக்கத்தில். கடைசி வரி இது: "பிறரை எடைபோடுவதில் காட்டும் தெளிவை மனிதர் தம்மைத் தாமே எடைபோடும்போது". அதோடு கிழிந்திருந்தது. பேப்பர் கடைக்காரர் அந்த மீதியில் யாருக்கு எதை மடித்துக் கொடுத்தாரோ.

என் கையில் பேனா இருந்தது, நல்ல சந்தர்ப்பமும் இருந்தது. நான் எதுவும் எழுதவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமும் வியாழக்கிழமையும் அத்தை ஓட்டினாள். மாமா சீட்டின்மேல் சம்மணம். தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாததால் சீட் பெல்ட்டை முழங்காலையும் சேர்த்து இறுக்கிப் போட்டுக்கொண்டார். தெருவில் பார்த்தவர்கள் யாரோ சாமியாரை ஊர்வலம் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"சாமியாரே, இந்தத் திருப்பம் எப்படி?" என்பாள் அத்தை.

"ம்ம்ம்ம்," என்று சாமியார் முணுமுணுப்பார்.

வெள்ளிக்கிழமை காலை டெஸ்ட் மைதானம். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு பெஞ்சு. அதில் மாமாவும் நானும். இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், கையில் அட்டை. மாமாவின் பழைய கணிப்புப்படி அவர் ஹாரன், ஆனால் காலையிலிருந்து அவர் மூன்று வார்த்தைக்குமேல் பேசவில்லை.

"அமுங்கின ஹாரன்," என்று மாமா பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். பிறகு, "விடு. அவர் ஒரு மனுஷன்," என்றார். மூன்று வருஷத்தில் அவர் செய்த மிகச் சரியான வகைப்பாடு அதுதான்.

இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் டீ கிளாஸை ஸ்டூலில் வைக்காமல் கொட்டகை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து காரில் ஏறினார். அனுபவஸ்தர். கதவைச் சாத்தப் பார்த்தார், சாத்தவில்லை. அத்தை எட்டி, கொஞ்சம் தூக்கி, அறைந்து சாத்தினாள்.

கார் கிளம்பியது. எட்டு போட்டது. மேட்டில் ஏறி நின்று, பின்னால் நழுவாமல் மறுபடி கிளம்பியது. இதெல்லாம் அத்தைக்கு எப்போதுமே வரும். கோடியில் அந்த வெள்ளைக் கோடுதான் பாக்கி. வண்டி திரும்பி எங்களை நோக்கி வர ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் அத்தையின் முகம் தெரிந்தது. சிரித்த மாதிரியெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. வாயும் அசையவில்லை. சும்மா கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாமாவின் காலைப் பார்த்தேன். அதுதானே வேடிக்கை? பெஞ்சுக்குக் கீழே அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. முன்பு மூன்று டெஸ்டுக்கும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார் போல, அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. இப்போது செருப்பு நுனி அதில் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தது. இதை வைத்தே ஒரு மாதம் அவரை ஓட்டலாம். 'மாமா, தண்ணி வந்துருச்சா? கிணறு எவ்வளவு ஆழம்?' என்று வசனம்கூட ரெடி. வாயைத் திறந்தேன்.

மைதானத்தில் டயர் மண்ணைத் தேய்க்கும் சத்தம். நிமிர்ந்தேன். கார் நின்றிருந்தது. கோட்டைத் தொடாமல், ஒரு கை அகலம் விட்டு. இன்ஸ்பெக்டர் கழுத்தை நீட்டி வெளியே பார்த்தார், அட்டையில் ஏதோ எழுதினார், அத்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அத்தை ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஹாரன் நீளமாக ஊதியது. நெற்றியை எடுக்கவே இல்லை.

மாமா மூச்சை விட்டார். காலைப் பள்ளத்திலிருந்து மெல்ல எடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"வாலு."

"என்ன மாமா?"

"குனிஞ்சு உன் காலைப் பாரு."

பார்த்தேன். என் வலது செருப்பு பாதிக்குமேல் மண்ணுக்குள் இருந்தது. கட்டைவிரல் மடங்கி, கெண்டைக்கால் கல்லாக இறுகி, இன்னும் மிதித்துக்கொண்டே இருந்தது. எப்போது ஆரம்பித்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"எறும்பு கடிச்சுது," என்றேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவையும், கக்கத்தில் இடுக்கியிருந்த நீல நோட்டையும் எடுத்தார். நான் இருக்கிற பக்கத்தைத் தேடிப் பிடித்து, 'ஹாரன்' என்பதன்மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

"தெரியும். செவ்வாக்கிழமை என்னையும் அதே எறும்புதான் கடிச்சுது."